நாற்காலியை மடக்கும் முன்: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களின் கேள்விகளுக்கு ஒரு வழிகாட்டி

சபைக்குப் புதிதாக வருகிறவர்களோடு வாரம் ஒரு மாலை உட்கார்ந்து பேசுகிற பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நான் போதகர் அல்ல. வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. முதல் சில வாரங்கள் யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு ஒருநாள், கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் போகாமல் நிற்பார். "அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? தப்பாக நினைக்கக் கூடாது" என்பார்.

அந்தத் தயக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கேள்வி கேட்டால் அவிசுவாசி ஆகிவிடுவோம் என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். வேதத்தைப் புரட்டினால் கேள்வி கேட்காத பக்தரைக் காண்பது அரிது. ஆபிரகாம் கேட்டார், மோசே கேட்டார், ஆபகூக் மூன்று அதிகாரப் புத்தகத்தைக் கேள்வியோடுதான் தொடங்குகிறார். மரியாளும் தேவதூதனிடமே "இது எப்படியாகும்?" என்று கேட்டாள். எனவே தயங்காமல் கேளுங்கள். எப்படிக் கேட்பது, எங்கே தேடுவது, எந்தப் பதிலை அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டுப்புத்தகம்

மனதில் இருக்கும் கேள்வியை அப்படியே எழுதுங்கள். பக்தியான மொழிக்கு மாற்ற வேண்டாம். அதற்குக் கீழே இன்னொரு வரி: இந்தக் கேள்வி எனக்கு எப்போது வந்தது?

எங்கள் குழுவில் ஒரு பெண் முதல் பக்கத்தில் "ஜெபத்துக்குப் பதில் வருமா?" என்று எழுதியிருந்தார். அதன் கீழே, "அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்த அன்று" என்று இருந்தது. மேல்வரியை மட்டும் பார்த்திருந்தால் ஜெபத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருப்பேன். கீழ்வரியைப் பார்த்ததால், "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன். ஒரே கேள்வியைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் கேட்கலாம், மருத்துவமனையிலிருந்து நேரே வந்தவரும் கேட்கலாம். இருவருக்கும் ஒரே பதிலைக் கொடுப்பது தவறு. நீங்களே கேட்பவராக இருக்கும்போதும் இது பொருந்தும்: உங்களுக்கு வேண்டியது விளக்கமா, ஆறுதலா என்று தெரிந்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

பிறகு மாற்கு, ஒரே மூச்சில்

பலர் வேதாகமத்தை ஆதியாகமத்தில் ஆர்வமாகத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் மாற்கு எழுதிய சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது, 16 அதிகாரங்கள். ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். வசனங்களைப் பொறுக்காமல், ஒரு வரலாற்றைப் படிப்பதுபோல் உட்கார்ந்த இடத்தில் படித்து முடியுங்கள். கிறிஸ்தவம் ஒரு மனிதரைச் சுற்றி நிற்கிற விசுவாசம். அவர் எப்படிப் பேசினார், யாரைத் தொட்டார், எதற்குக் கோபப்பட்டார் என்று தெரியாமல், அவர் பெயரால் சொல்லப்படும் பதில்களை எடைபோட முடியாது.

படிக்கும்போது ஒரு சங்கதி நினைவிருக்கட்டும். அதிகார, வசன எண்களை மூல ஆசிரியர்கள் போடவில்லை. இன்றுள்ள அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் வெளியிட்ட பதிப்பிலிருந்து வருகின்றன. தேடுவதற்கு எண்கள் வசதி. ஆனால் வாக்கியத்தை அதன் வீட்டிலிருந்து பெயர்த்தெடுக்கும் பழக்கத்தையும் அவையே வளர்த்துவிட்டன. எந்த வசனத்தை யார் உங்களுக்குக் கொடுத்தாலும் அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனங்களைப் படியுங்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13ஐ வெற்றிக்கான வாக்குறுதியாகச் சுவரில் மாட்டுகிறோம். அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் அதைக் காவலில் கட்டுண்டு இருந்தபோது எழுதினார். அதற்கு முந்தின வரி, "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறது. பட்டினியிலும் நிலைகுலையாமல் நிற்கும் பெலனைப் பற்றி அவர் பேசுகிறார்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் இரண்டு சொல்மரபுகள் இருக்கின்றன. பழைய மொழிபெயர்ப்பைப் படிப்பவர்கள் தேவன், விசுவாசம், இரட்சிப்பு, சுவிசேஷம், ஞானஸ்நானம், சங்கீதம் என்பார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் படிப்பவர்கள் கடவுள், நம்பிக்கை, மீட்பு, நற்செய்தி, திருமுழுக்கு, திருப்பாடல் என்பார்கள். சொல்தான் வேறு. புரியாத இடத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நான் வளர்ந்த சொற்கள் முதல் வகை. இங்கும் அவற்றையே எழுதுகிறேன்.

"எனக்கு விசுவாசம் போதவில்லையோ?"

இந்தக் கேள்வி வராத புதியவரை நான் பார்த்ததில்லை. ஆராதனையில் பக்கத்தில் இருப்பவர் கண்ணீரோடு கைகளை உயர்த்திப் பாடுகிறார். தனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. உடனே தன் விசுவாசத்தில் ஏதோ கோளாறு என்று முடிவுசெய்துவிடுகிறார்.

விசுவாசம் உணர்ச்சியின் அளவு அல்ல. ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லும் "ஆமென்" என்ற எபிரெயச் சொல்லும், அந்த மொழியில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. உறுதியாக நிற்பது, சாய்ந்தால் தாங்குவது என்பது அந்த வேரின் பொருள். நாற்காலியில் உட்காரும்போது உங்களுக்குச் சிலிர்ப்பு ஏற்படுவதில்லை. அது தாங்கும் என்று உடம்பைச் சாய்க்கிறீர்கள். சாய்கிறவரின் மனநிலையைவிடத் தாங்குகிறதன் வலு முக்கியம்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். மகனுக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு. தீயிலும் தண்ணீரிலும் விழுந்து எழுந்த பிள்ளை. சீஷர்களிடம் கொண்டுபோனார், அவர்களால் முடியவில்லை. கடைசியில் இயேசுவிடம் கதறுகிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சில் இரண்டும் இருக்கின்றன. "முழு விசுவாசத்தோடு நாளை வா" என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினார். புதியவர்களுக்கு நான் மனப்பாடம் செய்யச் சொல்லும் முதல் ஜெபம் இந்தத் தகப்பனுடையதுதான். அதற்கடுத்து, இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபம். சொந்த வார்த்தை வராத நாட்களில் அதை மெதுவாக, வரிக்கு வரி நிறுத்திச் சொல்லுங்கள். காலையில் ஐந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று தீர்மானித்து மூன்றாம் நாள் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சந்தேகம் பெரியவர்களுக்கும் வந்தது. இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானே சிறையில் கிடந்தபோது, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக்காத்திருக்கவேண்டுமா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி வந்த அன்றே இயேசு கூட்டத்துக்கு முன்பாக யோவானை உயர்த்திப் பேசினார். மத்தேயு 11ஐப் படித்துப் பாருங்கள்.

அறிவியல் படித்தவர்கள் விசுவாசிக்க முடியுமா என்ற கேள்வியும் வரும். பேரண்டம் விரிவடைகிறது என்ற கருத்தை 1927இல் முன்வைத்து, பின்னர் பெருவெடிப்புக் கொள்கையாக வளர்ந்த எண்ணத்துக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. தொலைநோக்கியையும் திருவிருந்து மேசையையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. ஒன்றுக்காக மற்றதை விடவும் இல்லை.

"ஏன் எனக்கு இப்படி?"

இங்கே நான் நின்று பேச வேண்டும். என் வாழ்வில் நான் செய்த பெரிய தவறு ஒன்று இந்தக் கேள்வியோடு சேர்ந்தது.

என் நண்பர் ஒருவரின் குழந்தை இறந்துபோனது. மருத்துவமனை நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் குழந்தையின் காலுறை ஒன்று. ஒன்றுதான், மற்றது எங்கே என்று தெரியவில்லை. அதை மடிப்பார், விரிப்பார், மறுபடி மடிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரோமர் 8:28ஐச் சொன்னேன்: தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. காலுறையை இன்னொரு முறை மடித்தார். பல மாதங்கள் கழித்து, "அன்று நீ சொன்ன வசனம் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் நீ என் பக்கத்திலிருந்து எழுந்து போய்விட்டதுபோல் இருந்தது" என்றார். உடம்பால் நான் அங்கேதான் இருந்தேன். அமைதியைத் தாங்க முடியாமல் வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

யோபுவின் புத்தகத்தை இந்த நோக்கில் படியுங்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த அவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே சிறந்தது அதுதான். வாயைத் திறந்த பிறகு, "நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது" என்று அதிகாரம் அதிகாரமாக நிரூபிக்கப் பார்த்தார்கள். கடைசியில் தேவன் கோபப்பட்டது கதறின யோபுமேல் இல்லை. தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல். 42:7ஐப் பாருங்கள்.

பாவத்துக்குத் தண்டனையாகத்தான் நோய் வருகிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இரண்டு பகுதிகளைத் திறந்து காட்டலாம். யோவான் 9இல் பிறவிக் குருடனைக் குறித்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்கிறார் இயேசு. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்ட செய்தி வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று அவர் சொல்கிறார். தப்பான முடிவு ஒருவரைக் கஷ்டத்துக்குள் கொண்டுபோவது உண்டு. அதை வேதம் மறைக்கவில்லை. ஆனால் ஒருவருடைய கஷ்டத்தைப் பார்த்து அவர் பாவத்தைக் கணக்கிடும் உரிமையை இயேசு யாருக்கும் தரவில்லை.

அப்படியானால் கிறிஸ்தவத்தின் பதில் என்ன? தீமை ஏன் அனுமதிக்கப்பட்டது என்பதற்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். மனிதனின் சுயாதீனம், விழுந்துபோன உலகம், துன்பத்தால் உருவாகும் குணம் என்று ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் அவற்றில் எதையும் பிணவறை வாசலில் நின்று சொல்ல முடிவதில்லை. அங்கே சொல்லக்கூடியது யோவான் 11:35 மட்டும்: "இயேசு கண்ணீர் விட்டார்." சில நிமிடங்களில் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறவர் அவர். நல்ல முடிவு கையில் இருந்தும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்து அழுதார். சிலுவையிலும் அவர் சொன்ன வார்த்தை 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" நாம் கேட்கிற "ஏன்" தேவனுடைய குமாரனின் வாயிலிருந்தே வந்திருக்கிறது. துன்பத்துக்கு வெளியே நின்று காரணம் சொல்லும் தேவனை நான் விசுவாசிக்கவில்லை. உள்ளே இறங்கி வந்து, அதற்குள் மரித்து, மூன்றாம் நாள் எழுந்தவரை விசுவாசிக்கிறேன். கண்ணீர் யாவும் துடைக்கப்படும் நாள் வெளிப்படுத்தின விசேஷம் 21இல் வாக்குப்பண்ணப்பட்டிருக்கிறது. அதுவரை அழுவதற்கு அனுமதி உண்டு.

அழுவதற்கு வார்த்தைகளும் உண்டு. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புலம்பல். 13ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்குங்கள். ஆறே வசனங்கள், "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. இருட்டு மிகவும் அடர்ந்திருந்தால் 88. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபத்தையும் வேதம் தன் நடுவில் பத்திரமாக வைத்திருப்பது எனக்கு எத்தனையோ இரவுகளில் துணையாக இருந்திருக்கிறது.

குணமாகவில்லை என்றால்? பவுல் தன் மாம்சத்தில் முள் என்று சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று முறை வேண்டினார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அவரைவிட நமக்கு விசுவாசம் அதிகம் என்று சொல்லிக்கொள்ள நம்மில் யார் இருக்கிறார்கள்? ஜெபியுங்கள், மருந்தும் சாப்பிடுங்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றுதான் அழைக்கிறார். மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று எவர் சொன்னாலும், எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

மனச்சோர்வுக்கும் இதேதான். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், தூதன் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி உணவு. பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். வாழ வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால், இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எலியாவுக்கு வந்ததுதான் உங்களுக்கும் வந்திருக்கிறது.

துக்கத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: போங்கள், உட்காருங்கள். "எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை" என்பது போதுமான வார்த்தை. "தேவனுக்கு அந்தப் பூ தேவைப்பட்டது" என்று எந்தத் தாயிடமும் சொல்லாதீர்கள். முதல் வாரத்தில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மூன்றாம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது போங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

"நான் இரட்சிக்கப்பட்டேனா?"

எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் 8, 9, 10 மூன்று வசனங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் இரண்டும், கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், அது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்கின்றன. பத்தாவது, நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. நல்லவர்களாக நடந்து இரட்சிப்பைச் சம்பாதிப்பதில்லை. ஈவாகப் பெற்ற இரட்சிப்பு நம்மை நல்வழியில் நடத்துகிறது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்வதும் இதே மரத்தின் கனியைப் பற்றித்தான். சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய குற்றவாளிக்கு ஒரு நற்செயல் செய்யக் கையும் இல்லை, காலும் இல்லை. இரண்டும் ஆணியில் இருந்தன. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது.

இந்தக் கேள்வியில்தான் 16ஆம் நூற்றாண்டில் மேற்கத்தியத் திருச்சபை பிளந்தது. லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், நீதிமானாக்கப்படுதல் (தேவன் பாவியை நீதிமானாக ஏற்றுக்கொள்வது) குறித்த கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் நம் தகுதியால் அல்ல, கிருபையினால் மட்டுமே என்ற அடித்தளத்தில் இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். மற்றச் சபைக்காரருக்கு இரட்சிப்பே இல்லை என்று உங்களிடம் சொல்பவர்களுக்கு இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

"எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்று சில சபைகளில் கேட்பார்கள். தேதி சொல்ல முடிந்தவர்களுக்காக மகிழ்கிறேன். எனக்குச் சொல்லத் தெரியாது. விடிகிற நேரத்தைப்போல மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது. பவுல் இரட்சிப்பை மூன்று காலத்திலும் எழுதுகிறார்: எபேசியருக்கு, இரட்சிக்கப்பட்டீர்கள், கொரிந்தியருக்கு, இரட்சிக்கப்படுகிற நமக்கு, ரோமருக்கு, இரட்சிக்கப்படுவது நிச்சயம். இன்று நீங்கள் யாரைப் பற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

மறுபடி விழுந்துவிட்டால்? பேதுரு கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்தபடி இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவரைச் சந்தித்தபோது அங்கேயும் கரிநெருப்பு போட்டிருந்தது என்று சுவிசேஷம் எழுதிய யோவான் கவனமாக எழுதுகிறார். அந்த வாசனையை மூக்கில் வைத்துக்கொண்டே பேதுரு மூன்று முறை "உம்மை நேசிக்கிறேன்" என்று சொன்னார். ஆண்டவர் பழைய காயத்தைத் தவிர்த்துப் போகவில்லை. அதே இடத்துக்குக் கூட்டிப்போய் ஆற்றினார்.

ஞானஸ்நானத்தைப் பற்றிச் சுருக்கமாக: குழந்தைக்குக் கொடுக்கும் சபைகளும், விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்ட பிறகே கொடுக்கும் சபைகளும் இருக்கின்றன. நீங்கள் சேர்ந்திருக்கும் சபையின் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவசரம் வேண்டாம்.

இன்னொரு கேள்வி எப்போதும் தாழ்ந்த குரலில் வரும்: "சுவிசேஷத்தைக் கேட்காமலே இறந்த என் பாட்டி?" சபைகள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. கிறிஸ்துவை அறிந்து ஏற்றவருக்கே மீட்பு என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. தன் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடினவர்களும் மீட்படையக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அறிவித்தது. நான் ஆபிரகாமின் வார்த்தையில் நிற்கிறேன்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" உங்கள் பாட்டி எங்கே இருக்கிறார் என்று அறிவிக்கும் அதிகாரம் எனக்கோ எந்தப் பிரசங்கியாருக்கோ கொடுக்கப்படவில்லை. உங்களைவிட அவரை அதிகமாக நேசித்தவரின் கையில் அவரை விட்டுவிடலாம்.

திருமணம்

எபேசியர் 5:22, மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம், திருமண மேடையிலும் குடும்பச் சண்டையிலும் தனியாக உருவப்படுகிறது. அதற்கு முந்தின 21ஆம் வசனம் எல்லோரையும் பார்த்து, ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்கிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22இல் வினைச்சொல்லே இல்லை. 21இலிருந்து கடன் வாங்கித்தான் அந்த வாக்கியம் நிற்கிறது. கணவருக்கு 25ஆம் வசனம்: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் மனைவியில் அன்புகூர வேண்டும். சாகும் அளவுக்கு அன்பு கேட்கப்பட்ட கணவனுக்கு, அந்தப் பகுதியை அதிகாரப் பத்திரமாகக் காட்ட முகம் இருக்காது.

அடி, மிரட்டல், அவமானம் இருக்கும் வீட்டில் "பொறுத்துக்கொள், ஜெபித்துக்கொண்டிரு" என்று ஆலோசனை சொல்வது பாவம் என்றே நினைக்கிறேன். தள்ளிவிடுதலை, அதாவது மனைவியை விவாகரத்து செய்வதை, குறித்துப் பேசும் மல்கியா 2:16, அதே மூச்சில் கொடுமையையும் கண்டிக்கிறது. பாதியை மட்டும் மேற்கோள் காட்டக் கூடாது. முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். சட்டத்தின் உதவியை நாடுங்கள். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்; மன்னிப்பது வேறு, அதே வீட்டுக்குத் திரும்புவது வேறு.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர், துணை இன்னும் வரவில்லை என்றால்: 1 கொரிந்தியர் 7:12-16ஐப் படியுங்கள். கூடவாழச் சம்மதிக்கிற துணையைத் தள்ளிவிட வேண்டாம் என்பதே பவுலின் சொல். வீட்டுக்குள் பிரசங்கம் வேண்டாம். 1 பேதுரு 3:1 போதனையின்றி நடக்கையினால் ஆதாயப்படுத்துவதைப் பற்றிப் பேசுகிறது. மணமாகாதவர்கள் விசுவாசத்துக்குள்ளே துணை தேட வேண்டும் என்று பெரும்பாலான சபைகள் ஆலோசனை சொல்கின்றன; வாழ்வின் ஆழமான சங்கதியைப் பகிர ஆள் இல்லாத தனிமை வேண்டாம் என்பதே அதன் உட்பொருள். நிச்சயத்துக்கு முன்பு கடன், சம்பளம், பிள்ளைகள், பெற்றோரைப் பராமரிப்பது, உடல்நலம், கோபம் வந்தால் என்ன செய்வோம் என்பதையெல்லாம் வெளிப்படையாகப் பேசுங்கள். ஜெபத்தில் ஒத்துப்போய்க் கணக்கில் பிரிந்த தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன்.

திருமணமே ஆகவில்லை என்றால் வாழ்வு குறைபட்டதா? இயேசு மணம் செய்யவில்லை. பவுல் தனியாக வாழ்ந்து அதை வரம் என்றார். மணமாகாதவரை ஒரு நோயாளிபோல் விசாரிப்பதைச் சபைகள் நிறுத்த வேண்டும். பிள்ளை இல்லாதவரை விசாரிப்பதையும்.

விவாகரத்தில் சபைகளுக்குள் வேறுபாடு பெரிது. கத்தோலிக்கத் திருச்சபை முறையான திருமணக் கட்டு அவிழாது என்கிறது. திருமணம் தொடக்கத்திலேயே செல்லாததாக இருந்ததா என்று மட்டும் ஆராய்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் இரக்கத்தின் பேரில் மறுமணத்தை அனுமதிப்பதுண்டு. புராட்டஸ்டண்ட் சபைகள் பல, மத்தேயு 19:9ஐயும் 1 கொரிந்தியர் 7:15ஐயும் வைத்துச் சில காரணங்களுக்கு இடம்கொடுக்கின்றன. உங்கள் போதகரிடமோ குருவிடமோ நேரில் போய்க் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது?

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுத் தினமும் சோதித்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் புகழ்கிறது. உங்கள் மேய்ப்பரையும் அப்படிச் சோதிக்கலாம். "எனக்குத் தெரியவில்லை" என்று அவரால் சொல்ல முடிகிறதா? ஜெபத்துக்குப் பணம் கேட்கிறாரா? குடும்பத்தையும் பழைய நண்பர்களையும் விட்டுப் பிரியச் சொல்கிறாரா? நீங்கள் அந்தரங்கமாகச் சொன்னது அடுத்த வாரம் பிரசங்கத்தில் உதாரணமாக வருகிறதா? கடைசி மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

ஒருநாள் உங்களிடமே ஒருவர் கேட்பார். 1 பேதுரு 3:15 பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பதோடு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. வாதத்தில் ஜெயித்து ஆளை இழக்காதீர்கள்.

ஆறு மாதம் கழித்து நோட்டுப்புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஸ்கேன் எடுத்த அன்று எழுதத் தொடங்கிய அந்தப் பெண்ணின் அம்மா குணமாகவில்லை. எட்டாம் மாதம் இறந்துபோனார். "ஜெபத்துக்குப் பதில் வருமா?" என்ற வரியை அவர் அடிக்கவில்லை. கீழே மூன்றாவதாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "அம்மா இறந்த இரவு சங்கீதம் 88ஐச் சத்தமாக வாசித்தேன். தனியாக வாசித்ததுபோல் இல்லை." இப்போது அவரும் எங்களோடு புதியவர்களைச் சந்திக்கிறார். போன வாரம் கூட்டம் முடிந்ததும் ஒரு பையன் போகாமல் கதவருகே நின்றான். அவர் கையில் மடக்கிய நாற்காலி ஒன்று இருந்தது. அதைத் திரும்ப விரித்துப் போட்டு, "உட்கார் தம்பி" என்றார்.